கைவிலங்கு மாட்டப்பட்ட சுஷி மாஸ்டர்!

டோக்கியோவின் கின்சா ஏரியாவில் சில சுஷி ரெஸ்டாரன்ட்கள் இருக்கு. மொத்தமே எட்டு, பத்து சீட்தான். மெனு கார்டு கிடையாது. மரக் கவுன்டருக்கு அந்தப் பக்கம் செஃப், இந்தப் பக்கம் நீங்க. அவர் ஒவ்வொரு பீஸா கையில் பிடிச்சு முன்னால் வைப்பார். வச்ச உடனே எடுத்து வாயில் போட்டுக்கணும். இதுக்கு 'ஓமகாசே'ன்னு பேர். என்ன சாப்பிடுறதுங்கிற முடிவையே செஃப் கையில் விட்டுடுறது. பில் வரும்போது நம்மில் பலரோட மாசச் சம்பளம் ஞாபகத்துக்கு வரும்.

இவ்வளவு பந்தாவான இந்தச் சாப்பாடு ஒருகாலத்தில் ரோட்டோரக் கடையில் நின்னுக்கிட்டே சாப்பிடுற அவசரத் தீனி. அதை வீதியிலிருந்து பெரிய மனுஷங்க வீடு வரை கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் ஹனாயா யோஹே. அதுக்காகவே தண்டனையும் வாங்கினார்.

யோஹே பிறந்தது 1799-ல். டோக்கியோவுக்கு அப்போ பேர் எடோ. சின்ன வயசிலேயே அங்கே ஒரு அரிசித் தரகர் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். சாமுராய்களுக்குச் சம்பளமே அரிசிதான். அதைக் காசாக்கிக் கொடுத்து, தேவைப்பட்டால் கடனும் கொடுப்பவர்கள்தான் இந்தத் தரகர்கள். பணம் புழங்குற இடம். ஆனாலும் யோஹே அங்கேயே தங்கிடலை. இருபது வயசு வாக்கில் வெளியே வந்து, ஒவ்வொரு தொழிலா முயற்சி பண்ணினார். எதுவும் ஒட்டலை. கடைசியில் கைக்கு வந்தது சுஷி. பெட்டியில் அடுக்கி, ராத்திரியில் தெருத்தெருவா தூக்கிக்கிட்டுப் போய் வித்தார்.

அந்த நாளைய சுஷியைக் கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டாதான் யோஹே செஞ்சது புரியும். ஆதி சுஷி என்பது மீனைக் கெடாமல் வைக்கிற ஒரு வழி. உப்பு போட்ட மீனைச் சோற்றுக்குள் புதைச்சு மாசக்கணக்கில் புளிக்க விடுவாங்க. பிறகு மீனைத் தின்னுட்டு சோத்தைத் தூக்கிப் போட்டுடுவாங்க. (சோத்தைத் தூக்கிப் போடுறதா? நம்ம வீட்ல நடந்தால் அடி விழும்!) காலம் போகப்போக, சோற்றில் வினிகர் கலந்தால் அந்தப் புளிப்பு உடனே கிடைச்சிடும்னு தெரிஞ்சுது. அப்புறம் வந்தது பெட்டி சுஷி. வினிகர் சோறு, மேலே மீன், அதுக்கு மேலே கனமான பாரம். அமுங்கி, செட் ஆகி, வெட்டிச் சாப்பிட பல மணி நேரம் ஆகும்.

யோஹேவுக்கு இந்தப் பாரம் வைக்கிற வேலை பிடிக்கலை. மீனில் இருக்கிற எண்ணெய்ப் பசையெல்லாம் பிழிஞ்சு வெளியே போயிடுது. ருசியே அதில்தானே இருக்கு? அதனால் பெட்டியை ஓரங்கட்டிட்டு, வினிகர் சோற்றைக் கையில் உருட்டி, மேலே மீனை வச்சு, விரலால் ஓர் அழுத்து. அவ்வளவுதான், ரெடி. சோற்றுக்கும் மீனுக்கும் நடுவில் மூக்கில் சுர்ர்னு ஏறுற வசாபியை வைக்கிற பழக்கத்துக்கும் அவர் பேரைத்தான் சொல்றாங்க. இதையெல்லாம் அவர் ஒருத்தரே கண்டுபிடிச்சார்னு அடிச்சுச் சொல்ல முடியாது. அதே சமயத்தில் வேறு சிலரும் இதைச் செஞ்சிருக்காங்க. ஆனா, பேர் நிலைச்சது அவருக்குத்தான்.

ஃபிரிட்ஜ் இல்லாத காலம் என்பதை மறந்துடாதீங்க. எடோவுக்கு முன்னால் இருந்த கடலில் பிடிச்ச மீன்தான். அதையும் அப்படியே பச்சையா வைக்கிறது குறைவு. சிலதை வினிகரில் ஊறவைப்பாங்க, சிலதை சோயா சாஸில். இறாலை அவிச்சிடுவாங்க. ஒரு பீஸும் இன்னிக்கு இருப்பதைவிட ரொம்பப் பெருசு. டூனாவோட கொழுப்பான வயிற்றுப் பகுதியை அன்னிக்குச் சீண்ட ஆளில்லை. இன்னிக்கு கின்சாவில் அதுக்குத்தான் எக்கச்சக்க விலை.

1824 வாக்கில் ரியோகோகு பாலத்துப் பக்கம் யோஹே சொந்தமா கடை போட்டார். வேடிக்கை, வியாபாரம்னு எப்பவும் ஜனம் நெரியுற இடம். பத்து லட்சம் பேர் வாழ்ந்த எடோவில், தனியா வந்து தங்கி உழைச்ச ஆம்பளைங்க ஏராளம். அவங்களுக்கு உடனே கிடைக்கிற சாப்பாடு வேணும். வசதியானவங்களுக்கு நல்ல மீன் வேணும். யோஹே கடை ரெண்டாவது கூட்டத்தையும் இழுத்துச்சு. பெட்டியில் கட்டி வாங்கிப்போக ஆட்கள் காத்துக் கிடந்தாங்க. தெருத்தெருவா சுமந்த பெட்டி, இப்போ கடையைத் தேடி வந்தவங்க கையில்!

அங்கேதான் வந்தது வினை. 1830-களில் ஜப்பானைப் பெரும் பஞ்சம் உலுக்கியது. 1841-ல் ஷோகன் அரசின் மூத்த அமைச்சர் மிசுனோ தடாகுனி சிக்கன நடவடிக்கைகளில் இறங்கினார். பட்டுத்துணி, நாடகம், ஆடம்பரச் சாப்பாடு எல்லாத்துக்கும் கெடுபிடி. விலை உயர்ந்த சுஷி வித்ததாக எடோவின் கடைக்காரர்கள் பலரைப் பிடிச்சாங்க. அதில் யோஹேவும் ஒருத்தர். அவர் கைகளில் விலங்கு மாட்டினாங்க. சுஷி பிடிக்கிறவருக்குக் கைதானே எல்லாமே! பஞ்சத்தில் ஜனம் செத்ததைப் பார்த்த பிறகு ஆடம்பரத்தைத் தடுக்க நினைச்சதை ஒரேடியா தப்புன்னு சொல்லிட முடியாதுதான். ஆனா, அந்தப் பஞ்சத்துக்கும் ஒரு சமையல்காரரோட விரலுக்கும் என்ன சம்பந்தம்?

சட்டம் ரொம்ப நாள் தாங்கலை. 1843-ல் மிசுனோவோட பதவியே போயிடுச்சு. கெடுபிடி தளர்ந்தது. சுஷிக் கடைகள் மறுபடி களைகட்டின. யோஹே 1858-ல் இறந்தார். கடையை அடுத்தடுத்த தலைமுறைகள் நடத்தினாங்க. 1923 பூகம்பத்தில் டோக்கியோ எரிஞ்சு சாம்பலானப்போ, நகரத்தின் சுஷி சமையல்காரர்கள் பலர் சொந்த ஊர்களுக்குத் திரும்பினாங்க. எடோ பாணி சுஷி நாடு முழுக்கப் பரவ அதுவும் ஒரு காரணம். யோஹே கடை 1930-ல் மூடப்பட்டது. ரியோகோகுவில் அது இருந்த இடத்தில் இப்போ ஓர் அறிவிப்புப் பலகை மட்டும் நிக்குது.