கப்பலும் போச்சு, வேலையும் போச்சு: பிரேசில் கடலில் குடும்பத்தோடு படகில் வாழ்ந்த ஜோஷுவா ஸ்லோகம்

வேலையை விட்டுவிட்டு, பாய்மரப் படகு வாங்கி, தீவு தீவாகச் சுற்றும் ஜோடிகளின் ரீல்ஸ் உங்க போனிலும் வந்திருக்கும். இந்தப் படகு வாழ்க்கையின் முன்னோடி யார் என்று தேடினால் முதலில் வரும் பெயர்களில் ஒன்று ஜோஷுவா ஸ்லோகம். பாய்மரப் படகில் தனியாளாக உலகைச் சுற்றிய முதல் மனிதர்.

ஆனால் அவர் ஆசைப்பட்டுப் படகு வாழ்க்கைக்கு வரவில்லை. அவருடைய தொழிலே கண்முன் அழிந்துகொண்டிருந்தது.

யார் இந்த ஸ்லோகம்?

1844-ல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்தவர். 16 வயதில் கடலுக்குப் போனார். 25 வயதிலேயே கேப்டன். பிறகு அமெரிக்கக் குடிமகன் ஆனார். 1871-ல் சிட்னியில் வர்ஜீனியாவை மணந்தார். அன்றிலிருந்து கப்பல்தான் வீடு. ஏழு குழந்தைகள் பிறந்தன, நான்கு பேர்தான் பிழைத்தார்கள். 1884-ல் அக்விட்நெக் என்ற சொந்தக் கப்பல் பியூனஸ் அயர்ஸில் நின்றபோது வர்ஜீனியா இறந்தார். அப்போது அவருக்கு வயது 34.

இரண்டு வருடம் கழித்து, உறவுக்காரப் பெண்ணான ஹென்ரியெட்டாவை மணந்தார். அவருக்கும் கப்பல்தான் புகுந்த வீடு.

வேலை ஏன் போனது?

நீராவிக் கப்பல்களுக்குக் காற்று தேவையில்லை, சொன்ன தேதிக்குச் சரக்கு வந்து சேரும். பாய்மரக் கப்பல் கேப்டன்களுக்கான வேலை குறைந்துகொண்டே போனது. ஸ்லோகம் மாறவில்லை. கிடைத்த சரக்கை ஏற்றிக்கொண்டு தென் அமெரிக்கக் கரையோரம் ஓட்டினார்.

1887 மோசமான வருடம். கப்பலில் நடந்த மோதலில் ஸ்லோகம் சுட்டதில் ஒரு மாலுமி இறந்தார். தற்காப்பு என்று நீதிமன்றம் விடுவித்தது. அடுத்து மாலுமிகளுக்குப் பெரியம்மை. வருடக் கடைசியில் பிரேசிலின் பரணாகுவா விரிகுடாவில் கப்பல் தரைதட்டி உடைந்தது. காப்பீடும் இல்லை. கையில் மிச்சம் மனைவி, பிள்ளைகள் விக்டர், கார்ஃபீல்ட், கொஞ்சம் கருவிகள்.

படகை எப்படிக் கட்டினார்கள்?

உடைந்த கப்பலிலிருந்து எடுத்த மரமும், அங்கே காட்டில் வெட்டிய மரமும் சேர்ந்து 35 அடிப் படகானது. ஆணிகளை இறுக்கும் வளையங்களுக்குச் செப்புக் காசுகளைத் துளைத்துப் பயன்படுத்தினார்கள். படகு கவிழாமல் இருக்கப் பக்கவாட்டில் தடித்த மூங்கில்கள். பாய்களைத் தைத்தது ஹென்ரியெட்டா. பாய் அமைப்பு, ஸ்லோகம் ஆசியத் துறைமுகங்களில் பார்த்த சீனப் படகுகளுடையது.

1888 மே 13 அன்று படகு தண்ணீரில் இறங்கியது. பிரேசில் அடிமை முறையை ஒழித்ததும் அதே நாளில்தான். அதனால் படகின் பெயர் லிபர்டாடே. போர்ச்சுகீசிய மொழியில் விடுதலை என்று பொருள்.

பயணம் எப்படி இருந்தது?

ஜூன் கடைசியில் கிளம்பினார்கள். ஆரம்பத்திலேயே புயல்காற்றில் பாய்கள் கிழிந்தன. ஹென்ரியெட்டா மறுபடி தைத்தார். சாண்டோஸ், ரியோ, பாஹியா, பெர்னம்புகோ என்று கரையோரமாகவே வடக்கே போனார்கள். வழியில் ஒரு திமிங்கிலம் படகை முட்டியது.

பிரேசிலின் வடகிழக்கு முனையைத் தாண்டியதும் கதை மாறியது. அங்கே காற்றும் கடல் நீரோட்டமும் கரீபியன் பக்கமே தள்ளும். பெர்னம்புகோவிலிருந்து பார்படோஸ் வரை 2,150 மைல், 19 நாள். அதாவது நாளுக்குச் சுமார் 113 மைல்.

அக்டோபர் கடைசியில் அமெரிக்காவின் தெற்கு கரோலினா கரையைத் தொட்டபோது மொத்தம் 5,510 மைல் கடந்திருந்தார்கள். இங்கே ஒரு கணக்கைக் கவனிங்க. கிளம்பி நான்கு மாதம் ஆகியிருந்தது. கடலில் ஓடியதோ 55 நாள்தான். மீதி நாளெல்லாம் துறைமுகத்தில்: பழுது பார்ப்பது, தண்ணீர், சாப்பாடு சேர்ப்பது, காற்றுக்குக் காத்திருப்பது. படகு வாழ்க்கையின் பெரும்பகுதி இதுதான், இன்றைக்கும்.

அப்புறம் என்ன ஆனது?

ஹென்ரியெட்டாவுக்கு அந்த ஒரு பயணமே போதுமானதாக இருந்தது. அதன்பிறகு ஸ்லோகமுடன் அவர் நெடும்பயணம் போகவில்லை.

ஸ்லோகமுக்குக் கரையில் நிலையான வேலை அமையவில்லை. 1892-ல் நண்பர் ஒருவர், கரையில் மக்கிக் கிடந்த ஸ்ப்ரே என்ற படகைக் கொடுத்தார். 13 மாதம், 553 டாலர் 62 சென்ட் செலவில் அதைப் புதுசாக்கினார். 1895-ல் பாஸ்டனிலிருந்து தனியாகக் கிளம்பி, 46,000 மைல் சுற்றி 1898-ல் திரும்பினார். அவருக்கு நீச்சல் தெரியாது.

1900-ல் வந்த பயண நூல் புகழைக் கொடுத்தது. அதற்காக அவரைப் புனிதராக்க வேண்டியதில்லை. 1906-ல் நியூ ஜெர்சியில் 12 வயதுச் சிறுமியிடம் தவறாக நடந்துகொண்டதாகக் கைதானார். குற்றச்சாட்டை எதிர்த்து வாதாடவில்லை. 42 நாள் சிறையில் இருந்தார்.

1909 நவம்பரில் மறுபடி தென் அமெரிக்கா நோக்கி ஸ்ப்ரேயில் கிளம்பியவர் திரும்பவே இல்லை. 1924-ல் இறந்தவராகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டார்.

நமக்கு இதில் என்ன?

சந்தை ஒரு திறமைக்குச் சம்பளம் கொடுப்பதை நிறுத்தலாம், திறமை அதோடு செத்துவிடுவதில்லை. யாரும் வேலை தராத பாய்மர அறிவுதான் ஸ்லோகமின் குடும்பத்தை ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தது, பத்து வருடம் கழித்து அவருக்குப் புகழையும் தந்தது. ஆனால் அந்தப் பிடிவாதத்தின் செலவை அவர் மட்டும் கட்டவில்லை. கிழிந்த பாயை இரண்டாம் முறை தைத்த ஹென்ரியெட்டாவும் கட்டினார்.