காட்டுக்குள் காத்திருந்த கேமரா: யார் இந்த மா. கிருஷ்ணன்?

முதுமலை வழியாக ஊட்டிக்குப் போகிற சாலையில் அடிக்கடி நடக்கிற காட்சி இது. சாலையோரம் யானைக் கூட்டம் ஒன்று மேய்ந்துகொண்டிருக்கும். முன்னால் போன கார் நிற்கும். கண்ணாடி இறங்கும். நாலைந்து கைபேசிகள் வெளியே நீளும். குட்டி தாயின் வயிற்றுக்கடியில் ஒதுங்கும், தாய் காதை விரித்துத் திரும்பும். அதுக்குள்ள படம் கிடைச்சாச்சு, வண்டி கிளம்பியாச்சு.

இதே முதுமலைக் காட்டில், கைபேசி எல்லாம் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே ஒருவர் யானைகளைப் படமெடுத்தார். பளுவான கேமராவைத் தூக்கிக்கொண்டு, நடந்தும் சவாரி யானை மேல் ஏறியும் போனார். நல்ல படம் அமையாத நாட்களில் பார்த்ததைக் குறிப்பெழுதிக்கொண்டு திரும்பினார். அவர் மா. கிருஷ்ணன். இந்தியக் காட்டுயிர் ஒளிப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவர். காட்டுயிரை எதற்காகப் படம் எடுக்கிறோம் என்று இன்றைக்கு யாராவது யோசித்தால், இவர் வாழ்க்கையைத் தெரிந்துகொள்வது நல்லது.

எங்கே பிறந்தார், எப்படி வளர்ந்தார்?

1912 ஜூன் 30 அன்று திருநெல்வேலியில் பிறந்தவர். எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பா, தமிழின் ஆரம்பகால நாவல்களில் ஒன்றான ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையா. உப்பு, சுங்கத் துறையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். 1925-ல் சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்தில் தமிழைப் பாடமாக்க வேண்டும் என்று பேசி முடித்த கையோடு மாதவையா உயிர் பிரிந்தது. அப்போது கிருஷ்ணனுக்கு வயது 13.

குடும்பம் மயிலாப்பூரில் இருந்தது. இன்றைய மயிலாப்பூரை மனசில் வைத்துக்கொண்டு படிக்காதீங்க. அப்போது அந்தப் பக்கமெல்லாம் புதர்க்காடு. நரி ஊளையிடும், வெளிமான் மேயும், பறவைகளுக்குப் பஞ்சமே கிடையாது. பையன் ஒரு கீரியை வளர்த்தான். பிற்காலத்தில் அழிவைப் பற்றி அவர் எழுதியபோது அது புத்தகத்தில் படித்த அழிவு இல்லை. தான் விளையாடிய இடத்திலேயே நரியும் மானும் காணாமல் போனதைப் பார்த்தவர் அவர்.

மாநிலக் கல்லூரியில் 1927-ல் சேர்ந்தார். தாவரவியல் பேராசிரியர் ஃபைசன் மாணவர்களை நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அழைத்துப் போவார். செடிகளை அவற்றின் இடத்திலேயே பார்க்கும் பழக்கம் கிருஷ்ணனுக்கு அங்கே வந்தது. ஃபைசனின் மனைவியிடம் நீர்வண்ண ஓவியம் கற்றுக்கொண்டார். மதிப்பெண் மட்டும் சுமார்தான். அண்ணன் அனந்தநாராயணன் ஐ.சி.எஸ். அதிகாரியாகி, பின்னாளில் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியானவர். தம்பிக்கோ நிலையான வேலை என்பதே குதிரைக்கொம்பாக இருந்தது. கேலிச்சித்திரம் வரைந்தும் பத்திரிகைகளுக்கு எழுதியும் காலம் ஓடியது.

சண்டூரில் என்ன செய்தார்?

1942-ல் பெல்லாரிக்குப் பக்கத்திலுள்ள சண்டூர் சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. ஒரே வேலை என்று சொல்ல முடியாது. பள்ளி ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மகாராஜாவின் அரசியல் செயலாளர் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். நடுவில் ஆடு மேய்த்துப் பார்த்தார். புறாக்களை வளர்த்துத் தபால் அனுப்பப் பழக்கினார். மீதி நேரமெல்லாம் மலையும் காடும்தான். காட்டுயிர்ப் படக்காரரின் நாட்குறிப்பாக அவர் எழுதிய கட்டுரைகள் ‘இல்லஸ்ட்ரேட்டட் வீக்லி’ இதழில் தொடராக வந்தன.

1949-ல் சண்டூர் இந்தியாவோடு இணைந்தது. சமஸ்தான வேலை போச்சு. சென்னைக்குத் திரும்பியபோது வயது 37. இனிமேல் வேறு எங்கும் சம்பளத்துக்குப் போவதில்லை, எழுத்தும் படமுமே பிழைப்பு என்று இறங்கிவிட்டார். காட்டைப் பற்றி எழுதிச் சாப்பிட முடியும் என்று யாரும் நம்பாத காலம் அது. வருமானம் எப்போதும் கொஞ்சம்தான்.

1950-ல் கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் ‘கன்ட்ரி நோட்புக்’ என்ற பத்தியைத் தொடங்கினார். காக்கை, அணில், தெருவோர மரம், யானை என எதையும் எழுதினார். கூடவே கோட்டோவியமும் அவரே வரைந்தார்.

எந்தக் கேமராவில் எடுத்தார்?

கடையில் கிடைக்காத கேமரா. உடல் ஒரு கம்பெனியுடையது, டெலிலென்ஸ் இன்னொரு கம்பெனியுடையது. மற்ற பாகங்களை அவரே ஒட்டி, கட்டி, முடுக்கிச் சேர்த்திருந்தார். அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் வைத்திருந்தார். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டக்காரரும் இயற்கையியலாளருமான இ.பி. ஜீ அதைப் பார்த்து வியந்துபோய், கம்பியும் கயிறும் போட்டுக் கட்டாத குறைதான் என்கிற தோரணையில் வேடிக்கையாக எழுதியிருக்கிறார்.

இது ஏன் பெரிய விஷயம்? அந்தக் காலத்து நிலைமையை யோசித்துப் பாருங்க. ஃபிலிம் சுருள் ஒன்றில் கிடைப்பது சில படங்கள்தான். 120 ரக ஃபிலிமில் சதுரப் படம் எடுத்தால் பன்னிரண்டோடு சரி. ஃபிலிமின் ஒளியுணர்வும் குறைவு. காட்டுக்குள்ளோ வெளிச்சம் பத்தாது. நீளமான லென்ஸ் பளுவானது, கை கொஞ்சம் நடுங்கினாலும் படம் கலங்கிவிடும். எடுத்தது விழுந்ததா இல்லையா என்பது ஃபிலிமைக் கழுவிய பிறகுதான் தெரியும்.

அதனால் கேமராவைவிடக் கண்தான் முதலில் வேலை செய்தாகணும். விலங்கு எந்தப் பக்கம் நகரும், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, எவ்வளவு தூரத்தில் நின்றால் அது மிரளாது என்பதெல்லாம் தெரியாமல் ஷட்டரை அழுத்தினால் ஃபிலிம் வீண்.

ஏன் கருப்பு-வெள்ளை?

வண்ண ஃபிலிம் வந்த பிறகும் அவர் கருப்பு-வெள்ளையிலேயே எடுத்தார். படங்களைப் பார்த்தால் அதன் பலன் புரியும். யானைத் தோலின் சுருக்கம், காது மடலின் கிழிசல், தந்தத்தின் வளைவு எல்லாம் தெளிவாக நிற்கும். ஒரு யானையை இன்னொன்றிலிருந்து பிரித்து அடையாளம் காண இவைதான் தடயம். விலங்கு மட்டும் தனியாகப் படத்தை அடைத்துக்கொண்டு நிற்காது. அது நிற்கிற புல், மூங்கில், நீர்நிலை எல்லாம் கூடவே இருக்கும். அழகுக்காக மாட்டி வைக்கிற படமாக மட்டும் இல்லாமல், இந்த இடத்தில் இந்த உயிர் இப்படி வாழ்ந்தது என்பதற்கான பதிவாகவும் அது இருக்கிறது.

அவருக்கு முன்பே 1920-களில் எஃப்.டபிள்யூ. சாம்பியன் என்ற வன அதிகாரி, புலி காலை வைத்தால் தானாகவே படம் விழும்படி கம்பி கட்டி, இரவில் படம் எடுத்துப் பெயர் வாங்கியிருந்தார். துப்பாக்கிக்குப் பதில் கேமரா என்ற எண்ணம் பரவ அது உதவியது. கிருஷ்ணனின் வழி வேறு. நேரில் இருந்து, பகல் வெளிச்சத்தில், நடப்பதைக் கவனித்துக்கொண்டே எடுப்பது.

கவனித்ததில் என்ன கிடைத்தது?

1968-ல் அவருக்கு ஜவஹர்லால் நேரு நல்கை கிடைத்தது. அதைக்கொண்டு தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகளைக் காடு காடாகப் போய் ஆய்வு செய்தார். அது பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்விதழில் வந்தது. 1975-ல் புத்தகமாகவும் வெளியானது.

இதில் யானைகளைப் பற்றிய ஒரு கவனிப்பு முக்கியமானது. மனிதக் காதுக்கு எட்டாத அளவுக்குத் தாழ்ந்த ஒலியால் ஆசிய யானைகள் ஒன்றுக்கொன்று தொடர்புகொள்கின்றன என்பதை முதலில் கவனித்துச் சொன்னவர் கிருஷ்ணன்தான். 1984-ல் அமெரிக்காவின் போர்ட்லாண்ட் விலங்குக் காட்சியகத்தில் யானைக் கூண்டருகே நின்ற கேட்டி பெயின் என்ற ஆய்வாளர், காற்றில் ஓர் அதிர்வு இருப்பதை உணர்ந்தார். கருவிகளால் பதிவுசெய்து பார்த்தபோது அகஒலி உறுதியானது. கிருஷ்ணனிடம் அப்படிப்பட்ட கருவி எதுவும் கிடையாது. காட்டில் யானைகளுக்குப் பக்கத்தில் அத்தனை நேரம் சும்மா இருந்ததுதான் அவருடைய கருவி.

எதற்காகச் சண்டை போட்டார்?

இந்தியக் காட்டுயிர் வாரியத்தில் நீண்ட காலம் உறுப்பினராக இருந்தார். பத்மஸ்ரீ விருது பெற்றார். ஆனாலும் கூட்டத்தில் தலையாட்டுகிற ஆள் இல்லை. பாதுகாக்கப்பட்ட காடுகளில் வெளிநாட்டு மரங்களை நடுவதைக் கடுமையாக எதிர்த்தார். பச்சையாக இருந்தால் போதும், எல்லாம் காடுதானே என்று பலர் நினைத்த காலம். தைலமரத் தோப்பில் யானைக்கு என்ன தீனி இருக்கு? நம் மண்ணின் செடிகொடிகள் போனால் அவற்றை நம்பி வாழும் விலங்குகளும் போய்விடும் என்பது அவர் வாதம். சரணாலயம் என்றால் மனிதன் கை வைத்து அலங்கரிக்கிற பூங்கா ஆகிவிடக் கூடாது, தன் போக்கில் இருக்க விட வேண்டும் என்றார்.

பிடிவாதக்காரர், கோபக்காரர் என்ற பெயரும் அவருக்கு உண்டு. தான் எழுதியதில் யாரும் கை வைப்பது பிடிக்காது. சமரசம் செய்திருந்தால் இன்னும் வசதியாக வாழ்ந்திருக்கலாம். அவர் எதிர்த்த வெளிநாட்டு மரங்களையும் உண்ணிச்செடி போன்ற களைகளையும் இன்றைக்குத் தமிழக வனத்துறையே பணம் செலவழித்துக் காடுகளிலிருந்து அகற்றிக்கொண்டிருக்கிறது.

தமிழில் எழுதினாரா?

எழுதினார். அவர் பெயர் அதிகம் பரவியது ஆங்கில எழுத்தால்தான் என்றாலும், தமிழில் இயற்கை பற்றிய கட்டுரைகள் எழுதியிருக்கிறார். பழந்தமிழ் இலக்கியத்தில் வரும் செடிகொடி, விலங்குகளைக் களத்தில் கண்டவர் என்பதால் அந்தக் கட்டுரைகளுக்குத் தனி ருசி. சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்த ‘மழைக்காலமும் குயிலோசையும்’ அவரைப் படிக்கத் தொடங்க நல்ல புத்தகம். ‘கதிரேசன் செட்டியாரின் காதல்’ என்று ஒரு நாவலும் எழுதியிருக்கிறார்.

கடைசிவரை எழுதினார்

1996 பிப்ரவரி 18, ஞாயிற்றுக்கிழமை. ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் வழக்கம்போல ‘கன்ட்ரி நோட்புக்’ வந்திருந்தது. அன்றைக்கே கிருஷ்ணன் சென்னையில் காலமானார். வயது 83. ஒரே பத்தியை 46 வருஷம் எழுதியிருந்தார்.

இப்போது கைபேசியிலேயே நூற்றுக்கணக்கில் படம் எடுக்கலாம், பிடிக்காததை அழித்துவிடலாம். கிருஷ்ணனுக்கு இல்லாத வசதி இது. ஆனால் யானைக்கு எதுவும் மாறவில்லை. வழி மறித்தால் அது இன்றைக்கும் மிரளும், குட்டி இருந்தால் துரத்தும். படம் எடுக்கப் போய் உயிரைவிட்டவர்களின் செய்தியை நாமும் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். காட்டுச் சாலையில் வண்டியை நிறுத்தக் கூடாது என்ற விதி நம் பாதுகாப்புக்கு மட்டுமில்லை, அதன் மேய்ச்சலும் நடையும் கெடாமல் இருக்கவும்தான்.

படம் எடுக்க ஆசையா? வனத்துறையின் சஃபாரி வண்டியில் போங்க. விலங்கு நம்மைப் பார்த்து வேலையை நிறுத்திவிட்டால், நாம் அதிகம் நெருங்கிவிட்டோம் என்று அர்த்தம். அது சாலையோரமே நின்றாலும் படத்தை விட்டுவிட்டு வண்டி நகரட்டும். படம் அமையாத நாளில், பார்த்ததைக் கிருஷ்ணனைப் போல நாலு வரி எழுதி வைத்தாலும் போதும்.