கொசுவை வென்ற கோர்காஸ்



அட்லாண்டிக், பசிபிக் ஆகிய இரு பெருங்கடல்களையும் இணைப்பது பனாமா கால்வாய். புவியியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். அதை வெட்டியவர்கள் பொறியாளர்களும் தொழிலாளர்களும்தான். ஆனால் அவர்கள் அங்கே உயிரோடு நின்று வேலை செய்ய வழி வகுத்தவர் ஒரு மருத்துவர். அவர் பெயர் வில்லியம் கோர்காஸ்.

1854-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பிறந்தார். தந்தை ராணுவ அதிகாரி. தானும் ராணுவ வீரனாக வேண்டும் என்பது கோர்காஸின் ஆசை. ராணுவக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. அவர் சோர்ந்துவிடவில்லை. மருத்துவம் படித்து, 1880-இல் ராணுவ மருத்துவராகச் சேர்ந்தார்.

டெக்சாஸில் பணியாற்றியபோது மஞ்சள் காய்ச்சல் பரவியது. நோயாளிகளைக் கவனித்த கோர்காஸையும் அது பிடித்துக்கொண்டது. நல்லவேளையாகப் பிழைத்தார். ஒருமுறை வந்து பிழைத்தவரை அந்த நோய் மீண்டும் தாக்காது. அதனால் மஞ்சள் காய்ச்சல் உள்ள இடங்களுக்கெல்லாம் அவரையே அனுப்பினார்கள்.

1898-இல் கியூபா நாட்டின் ஹவானா நகரச் சுகாதாரப் பொறுப்பு அவரிடம் வந்தது. அழுக்கும் துர்நாற்றமும்தான் மஞ்சள் காய்ச்சலுக்குக் காரணம் என்று அப்போது பலரும் நம்பினார்கள். கோர்காஸும் அப்படித்தான் நினைத்தார். தெருத்தெருவாகக் கூட்டிப் பெருக்கினார். நகரம் பளிச்சென்று ஆனது. ஆனால் காய்ச்சல் குறையவே இல்லை!

ஏன் தெரியுமா? இந்த நோயைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. வீட்டுக்குள் சேமித்து வைத்த நல்ல தண்ணீரில்தான் அது முட்டையிடும். கொசுதான் காரணம் என்று கியூபா மருத்துவர் கார்லோஸ் பின்லே 1881-லேயே சொன்னார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1900-இல் வால்டர் ரீட் தலைமையிலான குழு அதை நிரூபித்தது. அந்த ஆய்வின்போது ஜெஸ்ஸி லசியர் என்ற மருத்துவர் மஞ்சள் காய்ச்சலுக்குத் தம் உயிரையே கொடுத்தார்.

உண்மை தெரிந்ததும் கோர்காஸ் தம் வழியை மாற்றிக்கொண்டார். 1901-இல் அவருடைய ஆட்கள் வீடு வீடாகச் சென்றார்கள். தண்ணீர்ப் பீப்பாய்களை மூட வைத்தார்கள். தேங்கிய நீரில் மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். நோயாளியைக் கொசு வலைக்குள் படுக்க வைத்து, கொசு அவரைக் கடித்துவிட்டு அடுத்தவரிடம் போகாமல் தடுத்தார்கள். நூறாண்டுகளுக்கும் மேலாக ஹவானாவை ஆட்டிப்படைத்த நோய், அந்த ஆண்டு செப்டம்பரோடு நின்றுபோனது.

அடுத்து, 1904-இல் பனாமா அவரை அழைத்தது. அதற்கு முன்பு 1881 முதல் 1889 வரை அங்கே கால்வாய் வெட்ட முயன்று தோற்றவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். அப்போது இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். பெரும்பாலானோரைக் கொன்றவை மஞ்சள் காய்ச்சலும் மலேரியாவும்தான்.

அவர்கள் கட்டிய மருத்துவமனையில் எறும்பு ஏறாமலிருக்கக் கட்டில் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் வைத்திருந்தார்கள். நம் வீடுகளில் அலமாரிக் கால்களுக்குக் கிண்ணம் வைப்போமே, அதுபோல. அந்தக் கிண்ணங்களிலேயே கொசுக்கள் பெருகின. குணமாக வந்தவர்கள் புது நோயை வாங்கிக்கொண்டார்கள்!

கோர்காஸின் மேலதிகாரிகளோ கொசுக் கதையை நம்பவில்லை. கேட்ட பொருளையும் ஆட்களையும் தரவில்லை. 1905-இல் மஞ்சள் காய்ச்சல் பரவியது. தொழிலாளர்கள் கப்பலேறி ஓடினார்கள். கோர்காஸை நீக்கவும் பேச்சு எழுந்தது. நல்லவேளையாக அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டும் புதிய தலைமைப் பொறியாளர் ஜான் ஸ்டீவன்ஸும் அவருக்குத் துணை நின்றார்கள். ஆயிரக்கணக்கானோர் வீடு வீடாகப் புகை போட்டார்கள். நகரங்களுக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது. பீப்பாயில் பிடித்து வைக்கும் தேவை போயிற்று. அந்த ஆண்டு முடிவதற்குள் பனாமா நகரை விட்டு மஞ்சள் காய்ச்சல் ஓடிவிட்டது.

மலேரியா அவ்வளவு எளிதில் விடவில்லை. அதைப் பரப்பும் அனாபிலிஸ் கொசு குட்டை, சதுப்பு நிலங்களில் வளர்வது. மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் இருப்பதை 1897-இல் நம் நாட்டு செகந்திராபாத்தில் கண்டறிந்தவர் ரொனால்டு ராஸ். அவரும் 1904-இல் பனாமா சென்று பார்த்தார். கோர்காஸ் குட்டைகளை வடியவைத்தார். புதர்களை வெட்டினார். ஜன்னல்களுக்குக் கம்பி வலை அடித்தார். கொய்னா மாத்திரையை இலவசமாகக் கொடுத்தார். 1906-இல் இருபத்தாறாயிரம் பணியாளர்களில் இருபத்தோராயிரம் பேருக்கு மேல் மலேரியாவால் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். 1912-இல் ஐம்பதாயிரம் பேர் வேலை செய்தும், அந்த எண்ணிக்கை சுமார் 5,600 ஆகக் குறைந்தது. 1914 ஆகஸ்ட் 15-இல் கால்வாய் திறக்கப்பட்டது.

மஞ்சள் காய்ச்சலை ஒழிக்க ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்ட கோர்காஸ், வழியில் லண்டனில் நோயுற்றார். மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் மருத்துவமனைக்கே வந்து அவருக்கு நைட் விருது அளித்தார். 1920 ஜூலையில் கோர்காஸ் மறைந்தார்.

குழந்தைகளே, கோர்காஸ் விரட்டிய அதே ஏடிஸ் கொசுதான் இன்று நம் ஊரில் டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்புகிறது. முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். எனவே வாரம் ஒருநாள், ஞாயிற்றுக்கிழமை என்றே வைத்துக்கொள்ளுங்களேன், வீட்டைச் சுற்றி வாருங்கள். பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, ஃபிரிட்ஜின் பின்புறத் தட்டு எல்லாவற்றையும் கவிழ்த்துக் கொட்டுங்கள். தண்ணீர்த் தொட்டியை நன்றாக மூடச் சொல்லுங்கள். தெருவைக் கூட்டினால் மட்டும் போதாது என்று கோர்காஸ் ஹவானாவில் கற்ற பாடம் நமக்கும்தான்.