சேர் போல் ஈ. பீரிஸ் (1874 – 1959)

ஊவா வெல்லஸ்ஸப் போராட்டம் பற்றிப் படிக்கும் மாணவர்கள், அதனை ஆவணங்களின் துணையுடன் விரிவாக எழுதிய போல் பீரிஸ் பற்றியும் அறிந்திருத்தல் நன்று.

இவர் 1874ஆம் ஆண்டு பிறந்தார். கொழும்பு புனித தோமஸ் கல்லூரியிலும் பின்னர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலும் கற்றுப் பாரிஸ்டரானார். நாடு திரும்பி இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்தார். அச்சேவையின் உயர் பதவிகளில் அப்போது பெரும்பாலும் ஆங்கிலேயரே இருந்தனர். நீதிபதியாகக் கடமையாற்றிக்கொண்டே பழைய ஆவணங்களைத் தேடிப் படித்தார்.

இலங்கையில் போரிட்ட ரிபெய்ரோ என்ற போர்த்துக்கேயப் படைத்தலைவர் எழுதிய வரலாற்றை 1909இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். போர்த்துக்கேயர் காலம் பற்றிய இவரது பெருநூல் 1913, 1914ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளிவந்தது. 1630இல் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா வெல்லவாயவுக்கு அருகே ரந்தெனிவெலவில் தோற்று மடிந்தது அக்காலத்திலேயாகும். ஒல்லாந்தர் காலம் பற்றியும் எழுதினார். யாழ்ப்பாணம் கந்தரோடையில் பௌத்தச் சின்னங்களை ஆராய்ந்தவரும் இவரே. (இதனைப் பலர் மறந்துவிடுகின்றனர்.)

எனினும் நமது மாகாணத்துக்கு மிக நெருக்கமானது, 1815 முதல் 1818 வரையான காலத்தைக் கூறும் நூலாகும். அது சுதந்திரம் கிடைத்து இரண்டு ஆண்டுகளின் பின்னர், 1950இல் வெளிவந்தது. 1817இல் பதுளையின் உதவி வதிவிடப் பிரதிநிதி வில்சன் கொல்லப்பட்டதும் போராட்டம் பரவியது. அதனை அடக்க அனுப்பப்பட்ட ஊவாத் திசாவ கெப்பெட்டிபொல, போராட்டக்காரருடனேயே சேர்ந்துகொண்டார். (அப்பெயர் கொண்ட ஊர் வெலிமடைக்கு அருகிலேயே உள்ளது.) தேசாதிபதி பிரவுன்றிக்கின் படைகள் வீடுகளை எரித்தன, வயல்களையும் கால்நடைகளையும் அழித்தன. 1818 நவம்பர் 26ஆம் திகதி கண்டி போகம்பரையில் கெப்பெட்டிபொல சிரச்சேதம் செய்யப்பட்டார். போராட்டம் தொடங்கிய ஆண்டையும் முடிந்த ஆண்டையும் மாணவர் பலர் மாற்றி எழுதிவிடுகின்றனர், கவனிக்குக.

இவற்றையெல்லாம் பீரிஸ் ஆங்கிலேயரின் சொந்தக் கடிதங்களையும் அறிக்கைகளையும் கொண்டே எழுதினார். அந்த ஆவணங்களில் இத்தலைவர்கள் துரோகிகள், கலகக்காரர். பீரிஸோ தமது நூலின் தலைப்பிலேயே அவர்களைத் தேசப்பற்றாளர் என்று குறிப்பிட்டார். ஆங்கிலேய ஆட்சியில் பல்லாண்டு அரச பதவி வகித்த ஒருவர் இவ்வாறு எழுதியது சிறிய விடயமன்று.

பீரிஸ் 1959இல் காலமானார். கெப்பெட்டிபொல உள்ளிட்ட தலைவர்களைத் துரோகிகள் என்ற பழைய வர்த்தமானி அறிவித்தல் 2016 டிசம்பரிலேயே இரத்துச் செய்யப்பட்டது.