டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி: தங்கையின் நோயும் அடையாறு வைத்தியசாலையும்

நூற்றாண்டு மலருக்கு ஒரு பெண் வைத்தியரின் வாழ்க்கையை எழுதித் தருமாறு பழைய மாணவிகள் சங்கத்தார் கேட்டபோது நாம் அதிகம் யோசிக்கவில்லை. எட்டாம் வகுப்பில் சுகாதாரம் படிப்பித்த ரீச்சர், மழை பிடித்த ஒரு பின்னேரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சொன்ன கதைதான் முத்துலட்சுமி ரெட்டியின் கதை. ஆண்கள் கல்லூரியில் தனியொரு பெண்ணாகப் படித்தார் என்பது மட்டுமே அன்று எம் மனதில் நின்றது. மற்றப் பகுதி வைத்தியரான பிறகுதான் விளங்கியது.

அவர் 1886 யூலை 30 இல் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் மகாராஜாக் கல்லூரியின் அதிபராக இருந்தவர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். பெரியபிள்ளை ஆனதும் அக்கால வழக்கப்படி பள்ளிக்கூடம் நின்றது. வீட்டிலிருந்தே படித்து 1902 இல் மெற்றிக்குலேசன் தேறினார். கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது பெண் என்றும் தாய்வழியைக் காட்டியும் எதிர்த்தார்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான்தான் இடம் கொடுக்கச் செய்தார். 1907 இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912 இல் வைத்தியரானார். 1914 இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

1926 இல் சென்னைச் சட்டசபைக்கு நியமனம், அடுத்த ஆண்டு அதன் உபதலைவர் பதவி, தேவதாசி முறையை ஒழிக்கும் போராட்டம், ஆதரவற்ற பெண் பிள்ளைகளுக்கு ஒளவை இல்லம். இவை பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். நாம் சொல்ல வந்தது வேறு.

அவருடைய தங்கைக்கு வருத்தம் வந்தபோது அதை வயிற்றுளைவு என்று நினைத்தே மருந்து கொடுத்தார்கள். அது மலக்குடலில் வந்த புற்றுநோய் என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. 1923 இல் தங்கை இறந்தார். அக்கா வைத்தியராக இருந்த வீட்டிலேயே இது நடந்தது. வைத்தியர்களாகிய எமக்கு இந்த இடம் எப்போதும் நெஞ்சில் தைக்கும். 1925 இல் இங்கிலாந்து சென்றவர் லண்டன் புற்றுநோய் வைத்தியசாலையில் இந்நோயைப் பற்றிக் கற்றார். 1935 இல் தாம் படித்த மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், சென்னைக்கும் ஒரு புற்றுநோய் வைத்தியசாலை வேண்டும் என்று பேசினார்.

பேச்சுக்கும் கட்டடத்துக்கும் இடையே 19 ஆண்டுகள் சென்றன. இந்நோய் வந்தவர் எப்படியும் இறக்கத்தானே போகிறார், அவருக்கு ஏன் தனி வைத்தியசாலை என்ற எண்ணம் ஆட்சியில் இருந்தவர்களிடமும் இருந்தது. இந்திய மாதர் சங்கத்தின் மூலம் 1949 இல் நிதி தொடங்கிக் காசு சேர்த்தார். 1952 இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 யூன் 18 இல் அடையாறில் 12 கட்டில்களோடு வைத்தியசாலை திறக்கப்பட்டது. அப்போது முத்துலட்சுமி அம்மையார் 68 வயதை எட்டிக்கொண்டிருந்தார். மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், மறு ஆண்டு வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை நடத்தினார்கள். 1957 இல் கனடாவிலிருந்து கோபால்ற் கதிர்ச்சிகிச்சை இயந்திரம் வந்தது. காசில்லாதவருக்கும் அங்கே கட்டில் இருந்தது. எம்மவர்கள் பலரும் கடல் கடந்து அங்கே போய் வைத்தியம் பார்த்திருக்கிறார்கள்.

அங்கே வந்தவர்களில் பெரும்பகுதியினர் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் கண்ட பெண்களும், வாய்ப் புற்றுநோய் கண்ட ஆண்களும் பெண்களும். வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் எம் ஊர்க் காரணமேதான்: வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோயைத் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2003 இல் அறிவித்தது.

இங்கே எம் விடுதி ஆச்சியைச் சொல்லாமல் விட முடியவில்லை. குசினியில் எமக்குச் சமைத்துப் போட்டவர், மடியில் எந்நேரமும் வெற்றிலைப் பை. ஒரு தவணை முழுக்க, உறைப்புக் கறி வாயில் வைக்க ஏலாது என்று சோற்றுக்குத் தயிர் மட்டும் ஊற்றிச் சாப்பிட்டார். வாயையும் முன்போல் அகலத் திறக்கவில்லை. ஆச்சிக்கு வயது போகுது என்று நாம் சிரித்தோம். பிறகு கன்னம் வீங்கியது, பிறகு இடம்பெயர்வு வந்தது. அவர் இறந்த செய்தி ஓர் ஆண்டு கழித்தே எமக்குக் கிடைத்தது. உறைப்புத் தாங்காமையும் வாய் திறக்க முடியாமையும் முதல் அறிகுறிகள் என்று மருத்துவ பீடத்தில் படித்த அன்றிரவு எமக்கு நித்திரை வரவில்லை.

இன்று முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் நோய் கண்டவர்கள் தெல்லிப்பழைக்குப் போகிறார்கள். தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து சேர்த்த காசில் 2013 இல் எழுந்தது அந்தப் புற்றுநோய் வைத்தியசாலை. கதிர்ச்சிகிச்சை ஆறு, ஏழு வாரம், கிழமையில் ஐந்து நாள். துணுக்காயிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வர முடியாது. வாய் புண்ணாகி, கஞ்சியும் இறங்காத நாட்களில் கூட இருக்க ஒருவர் வேண்டும். கூலி வேலை செய்பவர் பாதியில் விட்டுவிட்டு வந்துவிடுகிறார். வெளிநாட்டில் இருக்கும் தோழியர் பலர் என்ன அனுப்பலாம் என்று எம்மிடம் கேட்கிறார்கள். மருந்தைவிட, நோயாளியும் துணையாளரும் தங்கும் செலவும் சாப்பாடும்தான் முதலில் தேவை.

முத்துலட்சுமி அம்மையார் 1968 யூலை 22 இல் காலமானார். அவர் தொடங்கிய 12 கட்டில் இடத்தில் பின்னர் வாய்ப் புற்றுநோய்க்குக் கதிரோடு மருந்தையும் சேர்த்துக் கொடுக்கும் ஆய்வுகள் நடந்தன.

நூற்றாண்டு விழாவன்று காலை எம் பாடசாலை மண்டபத்தில் இரண்டு மேசை போட்டு, ரோச் லைற்றோடு நாமும் பல் வைத்தியத் தோழி ஒருவரும் இருப்போம். இரண்டு கிழமையில் ஆறாத புண், கன்னத்தின் உட்புறம் வெள்ளையாகவோ சிவப்பாகவோ படலம், கழுத்தில் கட்டி, மாறாத தொண்டையடைப்பு, இவற்றில் எது இருந்தாலும் வரலாம். வரும்போது அம்மம்மாவையும் அப்பப்பாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.