டர்போ காருக்கு அடுத்து என்ன 'அப்கிரேட்' போடலாம்? 20 வருடம் போராடி விடை கண்ட ஆல்ஃபிரட் பியூக்கியின் கதை

திண்டிவனம் தாண்டி விழுப்புரம் நோக்கி ஜிஎஸ்டி சாலையில் போகிறீர்கள். முன்னால் ஒரு லோடு லாரி. ஓவர்டேக் எடுக்க ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு கணம் கார் சும்மா இருக்கும். அப்புறம்தான் முதுகை சீட்டோடு அழுத்தி ஒரு தள்ளு தள்ளும். டர்போ கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஒரு கணம் நன்றாகவே தெரியும்.

அந்தத் தள்ளலில் ருசி கண்டவர்கள் அடுத்து கேட்கும் கேள்வி, இன்னும் பவர் ஏற்ற முதலில் எதை மாற்றுவது? ரீமேப்பா, இன்டர்கூலரா, எக்ஸாஸ்ட் பைப்பா, இல்லை பெரிய டர்போவா? கிட்டத்தட்ட இதே கேள்வியோடு 20 வருடம் மல்லுக்கட்டியவர், டர்போவைக் கண்டுபிடித்த சுவிட்சர்லாந்து பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி.

யார் இவர்?

1879 ஜூலை 11 அன்று விண்டர்தூர் நகரில் பிறந்தவர். நீராவி எஞ்சினும் டீசல் எஞ்சினும் செய்துவந்த சுல்சர் நிறுவனத்தின் ஊர் அது. அப்பாவும் அங்கே உயர் பொறுப்பில் இருந்தவர். ஆக, பையன் இரும்புச் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்தான். சூரிச்சில் இயந்திரப் பொறியியல் படித்து 1903ல் வெளியே வந்தார். பிறகு பெல்ஜியத்திலும் இங்கிலாந்திலும் வேலை.

அவரை உறுத்திய விஷயம் ஒன்றுதான். எஞ்சினில் எரியும் எரிபொருளின் சக்தியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு, சூடான புகையாக வெளியே போய்விடுகிறது. காசு கொடுத்து வாங்கிய எண்ணெய், காற்றில் வீண்!

முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலையை அறிந்த விழுப்புரத்துக்காரர்களுக்கு இதற்கான தீர்வைப் புரிய வைப்பது சுலபம். சர்க்கரை ஆலைகளில் கரும்பைப் பிழிந்தபின் மிஞ்சும் சக்கையைத் தூக்கி எறிவதில்லை. அதையே கொதிகலனில் எரித்து ஆலையை ஓட்டுகிறார்கள். பியூக்கி செய்ததும் அதேதான். வெளியேறும் புகையை வைத்து ஒரு சக்கரத்தைச் சுழற்ற வேண்டும். அந்தச் சுழற்சியால் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்க வேண்டும். காற்று கூடினால் கூடுதல் எரிபொருளை எரிக்கலாம். அதே அளவு எஞ்சினில் அதிக சக்தி கிடைக்கும்.

1905 நவம்பர் 16 அன்று இதற்கு ஜெர்மனியில் காப்புரிமை பதிவானது. அப்போது அவருக்கு வயது 26.

ஐடியா சரி, எஞ்சின் ஓடவில்லை

பிரச்சினை இங்கேதான் ஆரம்பித்தது. 1905 வரைபடத்தில் கம்ப்ரசர், எஞ்சின், டர்பைன் மூன்றும் ஒரே தண்டில் கோக்கப்பட்டிருந்தன. இன்றைய டர்போவோடு ஒப்பிட்டால் அது வேறு ஜாதி. பின்னர் ஊர் திரும்பி சுல்சரில் சேர்ந்த பியூக்கி, வருடக்கணக்கில் சோதனை செய்தார். உயரத்தில் காற்று மெலிந்து விமான எஞ்சின்கள் திணறுவதைச் சரிசெய்யும் நோக்கில் 1915ல் வந்த மாதிரி எஞ்சின், நம்பி ஓட்டும் தரத்தில் இல்லை. உற்பத்திக்கே போகவில்லை.

ஏன்? காற்றை அழுத்தினால் அது சூடாகும். 40 டிகிரி வெயிலில் உள்ளே போகும் காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோனால், 100 டிகிரியைத் தாண்டிவிடும். சூடான காற்று விரிந்த காற்று. திணித்ததன் பலன் பாதி அங்கேயே போச்சு. இன்னொரு பக்கம், புகை போகும் வழியில் ஒரு சக்கரத்தை வைத்தால் அது அடைப்பு மாதிரி நிற்கும். புகை முழுதாக வெளியேறாமல் சிலிண்டருக்குள்ளேயே தங்கும். வால்வும் பிஸ்டனும் வெந்துபோகும்.

இந்த இடத்தில் பியூக்கி அழுத்தத்தைக் கூட்டவில்லை. காற்று வந்து போகும் வழியைத் திருத்தினார். உள்ளே விடும் வால்வும் வெளியே விடும் வால்வும் கொஞ்ச நேரம் சேர்ந்தே திறந்திருக்கும்படி செய்தார். புதுக் காற்று பழைய புகையைத் தள்ளிக் கழுவிவிட்டது, சிலிண்டரும் குளிர்ந்தது.

அடுத்தது எக்ஸாஸ்ட் பைப். எல்லா சிலிண்டரும் ஒரே குழாயில் புகையைத் தள்ளினால், ஒன்றின் வேகம் இன்னொன்றின் வழியை மறிக்கும். ஒன்றோடொன்று முட்டாத சிலிண்டர்களைக் கூட்டம் பிரித்து, தனித்தனிக் குழாயில் டர்பைனுக்குக் கொண்டுபோனார். 1925ல் காப்புரிமை பெற்ற இந்த முறைக்கு அவர் பெயரே நிலைத்தது. இன்று ஷோரூமில் 'ட்வின் ஸ்க்ரோல்' என்று பெருமையாகச் சொல்வதன் தாத்தா இதுதான்.

பலன் கப்பலில் தெரிந்தது. 1920களின் நடுவில் கட்டப்பட்ட 'பிராய்சன்', 'ஹான்சஷ்டாட் டான்ட்சிக்' என்ற இரண்டு ஜெர்மன் பயணிகள் கப்பல்களில், 1,750 குதிரைத்திறன் எஞ்சின் டர்போவோடு 2,500 குதிரைத்திறன் கொடுத்தது. எஞ்சின் அளவு அதேதான், சக்தி மட்டும் 40 சதவீதத்துக்கு மேல் கூடியது. 1926ல் பிரவுன் பொவேரி நிறுவனத்தோடும் விண்டர்தூரின் ரயில் எஞ்சின் நிறுவனத்தோடும் சேர்ந்து 'பியூக்கி சிண்டிகேட்' உருவானது.

விழுப்புரம் ஜங்ஷனில் மீட்டர் கேஜ் காலத்து ஒய்டிஎம்-4 டீசல் எஞ்சினைப் பார்த்தவர்களுக்கு, வண்டி கிளம்பும்போது கக்கும் கரும்புகை நினைவிருக்கும். அதிலும் இருந்தது டர்போதான். டீசல் முதலில் வந்துவிடும், டர்போ வேகம் பிடித்துக் காற்றைத் தள்ள நேரமாகும். அந்த இடைவெளிதான் புகை. உங்கள் கார் ஒரு கணம் சும்மா இருப்பதும் அதே காரணத்தால்தான்.

சரி, காருக்கு என்ன செய்வது?

பியூக்கி போன வழியிலேயே போனால் வரிசை தானாகத் தெரியும். முதலில் எது தடுக்கிறது என்று பார்க்க வேண்டும். ஓபிடி ஸ்கேனரை மாட்டி, எஞ்சினுக்குள் போகும் காற்றின் வெப்பத்தைக் கவனித்தாலே பாதி விடை கிடைக்கும். மே மாத மதியத்தில் ரீமேப் செய்த காரை நாலு தடவை விரட்டினால், காற்று சூடேறி, எஞ்சின் தட்டாமல் இருக்க கம்ப்யூட்டரே பவரைக் குறைத்துவிடும். காசு போட்டும் பழைய பவர்தான்! அப்படிப்பட்ட வண்டிக்கு முதலில் வேண்டியது நல்ல இன்டர்கூலர். பிறகு புகை தடையில்லாமல் போகும் பைப், அதற்கேற்ற ரீமேப், கூடிய இழுவையைத் தாங்கும் கிளட்ச்.

பெரிய டர்போவுக்குக் கடைசி இடம்தான். சக்கரம் பெரிதானால் சுழன்று எழ இன்னும் நேரம் பிடிக்கும். செஞ்சி பக்கம் எதிரே பஸ் வரும் ரோட்டில் ஓவர்டேக் எடுக்கும்போது, அந்தக் கூடுதல் தாமதம் விளையாட்டு கிடையாது. தயாரிப்பாளர் விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு தடுக்கிறது. வாரன்டியும் போகும், விபத்து என்றால் இன்ஷூரன்ஸ் கிளைமிலும் சிக்கல் வரும். ரோட்டில் ஓட்டும் வண்டி என்றால் இதை யோசித்துவிட்டுத்தான் ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

பார்க்காமல் போனது

பியூக்கி 1959 அக்டோபர் 27 அன்று பிறந்த ஊரான விண்டர்தூரிலேயே காலமானார். கப்பல், ரயில், லாரி எல்லாவற்றிலும் டர்போ ஏறியதைப் பார்த்தவர், ஷோரூமில் விற்ற டர்போ காரை மட்டும் பார்க்கவில்லை. அது அவர் போய் மூன்று வருடம் கழித்து, 1962ல் அமெரிக்காவில் வந்தது.

அந்த முதல் கார்களில் ஒன்று ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர். அதற்கும் சூடுதான் தலைவலி. தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை எஞ்சினுக்குள் பீய்ச்சிக் குளிர்வித்தார்கள். திரவம் தீர்ந்தால் ஓட்டுபவர் ஊற்ற வேண்டும். பலர் ஊற்ற மறந்தார்கள். 1963ஓடு ஜெட்ஃபயர் தயாரிப்பு நின்றது. விற்ற கார்களில் பலவற்றில் டர்போவையே கழற்றிவிட்டு, சாதாரண கார்புரேட்டரை மாட்டிக் கொடுத்தார்கள்.