பஸ்கி போட்டே உலகை வென்ற காமா பயில்வான்



இப்போது நம் கிளைப் பிள்ளைகளில் பாதிப் பேர் உடம்பை ஏற்றுவதில் மும்முரமாக இருக்கிறார்கள். சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் ஜிம்முக்குப் போகிறார்கள். பீடோங் தோட்டப் பக்கம் டின்னில் சிமெண்டு ஊற்றி, நடுவில் இரும்புக் குழாய் சொருகித் தூக்குகிறவர்களும் உண்டு. எல்லாரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான். ஆறு மாதமாகத் தூக்கியும் உடம்பு ஏறவே மாட்டேங்குதே, ஏன்? அதற்குப் பதிலாக ஒரு பயில்வானின் வாழ்க்கையைச் சொல்கிறேன்.

அவர்தான் காமா. முழுப்பெயர் குலாம் முகமது பக்ஷ். 1878-இல் காஷ்மீரி வம்சத்துப் பயில்வான் குடும்பத்தில் பிறந்தவர். இந்து இளைஞர் பத்திரிகையில் முஸ்லிம் பயில்வான் எதற்கு என்று சிலர் கேட்கலாம். கடைசி வரை படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

சின்ன வயசிலேயே அப்பா தவறிவிட்டார். தாத்தாவும் மாமாவும் மல்யுத்தம் சொல்லிக் கொடுத்து வளர்த்தார்கள். 1888-இல், பத்து வயசில், ஜோத்பூரில் நடந்த போட்டிக்குப் போனான் அந்தப் பையன். யார் அதிக நேரம் பஸ்கி போடுகிறார்கள் என்பதுதான் போட்டி. நானூறுக்கும் மேற்பட்ட பயில்வான்கள் கூடியிருந்தார்கள். கடைசியில் மிஞ்சிய 15 பேரில் காமாவும் ஒருவன். மகாராஜா அந்தச் சிறுவனையே வெற்றியாளன் என்று அறிவித்தார்.

காமாவுக்கு மெஷின் கிடையாது. தண்டால், பஸ்கி, கதை சுற்றுவது, மல்யுத்தக் களத்து மண்ணைக் கொத்திப் பதப்படுத்துவது, பிறகு அதே மண்ணில் ஆள் மாற்றி ஆள் மல்லுக்கு நிற்பது. இதையே வருஷக்கணக்கில் செய்தார், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனார். தசை வளர்வதற்கு வழி இதுதான். உடம்பு பழகிய பாரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால்தான் அது வளரும். நம் பையன்களோ வாரத்துக்கு ஒரு புதுப் பயிற்சியை யூடியூப்பில் பிடிக்கிறார்கள். தூக்குகிற எடை மட்டும் ஆறு மாதமாக அதே 10 கிலோ! ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை கிலோ, எத்தனை முறை என்று அன்றன்றைக்கு எழுதுங்கள். எட்டு முறை தூக்கியது பன்னிரண்டு முறையாக வந்ததும் எடையைக் கொஞ்சம் ஏற்றுங்கள்.

பெரியவரான பிறகு காமா தினம் 5000 பஸ்கியும் 3000 தண்டாலும் போட்டதாகச் சொல்வார்கள். அதைக் கேட்டு நாளைக்கே 500 போடக் கிளம்பிவிடாதீர்கள். பழகாத உடம்பில் அளவு மீறினால் தசைநார் சிதைந்து அந்தக் கழிவு சிறுநீரகத்தைக் கெடுக்கும். பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் கறுத்துப் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். காமா அந்த அளவுக்கு வந்தது சிறுவயசிலிருந்து படிப்படியாக.

அடுத்த தடை சாப்பாடு. பால், பாதாம், நெய், இறைச்சி என்று காமாவுக்குச் சமஸ்தான ஆதரவில் தாராளமாகக் கிடைத்தது. நமக்கு மகாராஜா இல்லை. ஆனால் கணக்கு இருக்கிறது. எடை தூக்குகிறவனுக்கு உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 1.6 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 96 கிராம். காலையில் ரொட்டி சானாயும் தே தாரேக்கும், மதியம் சோறும் குழம்பும் என்றால் வயிறு நிறையும், புரதம் பாதிகூடத் தேறாது. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு பெரிய தம்ளர் பாலில் 8 கிராம், 100 கிராம் தெம்பேயில் ஏறக்குறைய 19 கிராம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை சைவம் என்றாலும் தெம்பே, பருப்பு, கொண்டைக்கடலை, பால் இருக்கவே இருக்கிறது. பவுடர் டின் வாங்கக் காசில்லை என்று யாரும் கவலைப்பட வேண்டாம்.

தூக்கமும் அப்படித்தான். தசை வளர்வது தூக்கும்போது இல்லை, ஓய்வெடுக்கும்போது. கூலிம் ஃபேக்டரியில் 12 மணி நேரம் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டு, தூங்காமல் நேரே ஜிம்முக்குப் போகிற தம்பி முதலில் தூங்கணும். வாரத்தில் மூன்று நாள் ஒழுங்காகத் தூக்கினாலே போதும்.

1910-இல் காமா லண்டனுக்குப் போனார். உயரம் 5 அடி 7 அங்குலம்தான். ஆள் குள்ளம் என்று போட்டியில் சேர்க்கவில்லை. அவர் பொதுச் சவால் விட்டார். அமெரிக்க வீரர் பெஞ்சமின் ரோலரைச் சாய்த்தார். பிறகு செப்டம்பர் 10-ஆம் தேதி போலந்துக்காரர் ஸ்பிஷ்கோவுடன் மோதினார். ஸ்பிஷ்கோ தரையோடு ஒட்டிப் படுத்துக்கொள்ள, இரண்டரை மணி நேரம் தாண்டியும் முடிவு வரவில்லை. அடுத்த வாரம் மறுபடி மோத நாள் குறித்தார்கள். ஸ்பிஷ்கோ வரவே இல்லை. இருவரும் மறுபடி மோதியது 1928-இல், பாட்டியாலாவில். காமாவுக்கு அப்போது ஐம்பது வயசு நெருக்கம். ஒரு நிமிஷத்துக்குள் ஆட்டம் முடிந்தது!

ஏறக்குறைய ஏழடி உயரமான ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலாவிடமும் பலமுறை சமநிலைதான் கிடைத்தது. லண்டனிலிருந்து திரும்பிய பிறகே காமா அவரை வென்றார். இப்படிப் பல வருஷம் பொறுத்தவர் அவர். மூன்று மாதத்தில் பலன் காட்டும் என்று யாராவது ஊசியை நீட்டினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊசி உடம்பு தானாகச் சுரக்கும் ஆண் ஹார்மோனை அடக்கிவிடும். இதயத்தையும் கெடுக்கும்.

இப்போது முதலில் எழுந்த கேள்விக்கு வருகிறேன். 1947-இல் நாடு பிரிந்தபோது காமா லாகூரில் இருந்தார். ஊரெங்கும் கலவரம். தம் தெருவில் இருந்த இந்துக் குடும்பங்களைத் தாக்க வந்த கூட்டத்தின் எதிரே அவர் போய் நின்றார் என்றும், பிறகு வழிச்செலவுக்குக் கொடுத்து அவர்களை எல்லை வரை பத்திரமாக அனுப்பினார் என்றும் அவர் குடும்பத்தார் சொல்லி வருகிறார்கள். கடைசிக் காலத்தில் நோயும் வறுமையும் அவரை வாட்டின. அப்போது இந்தியாவிலிருந்து பணம் அனுப்பி உதவியவர்களில் தொழிலதிபர் ஜி. டி. பிர்லாவும் ஒருவர். 1960 மே மாதம் லாகூரில் காமா காலமானார்.

நம் தோட்டங்களிலும் தாமான்களிலும் கை கொஞ்சம் பருத்ததும் கேங் பின்னால் போகிற பிள்ளைகளைப் பார்க்கிறோம். கோயில் திருவிழாவிலேயே மல்லுக்கு நிற்கிறார்கள். அனுமனைக் கும்பிடுகிற பிள்ளைகளுக்கு அந்தப் பலம் எதற்கு என்று நான் விளக்கத் தேவையில்லை. தூக்குங்கள், நன்றாகச் சாப்பிடுங்கள், தூங்குங்கள். உங்கள் தெருவில் ஒருவர் பயந்து நிற்கிற நாளில், அவர் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, பக்கத்தில் போய் நில்லுங்கள்.